உலகம்மாளின் முறை

தென்காசியில் அந்த வருஷம் சாரல் முந்தியே பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட துணி எதுவும் காயாமல் வீடெல்லாம் ஈரவாடை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வீட்டுவசதிக் குடியிருப்பின் கீழ்வீட்டில் இருந்த ஆவுடையப்பன், பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டிலை விட்டு எழுந்து தரையில் கால் வைப்பதற்குப் பதிலாக மேல்தளத்தில் கால் வைத்துவிட்டார். அவர் சம்சாரம் உலகம்மாள் வழக்கம்போல வாளியும் பழந்துணியுமாக அறைக்குள் வந்தாள். கட்டில் காலியாகக் கிடந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள், வாசலில் தான் போட்ட பூட்டு தொங்குகிறதா என்று பார்த்தாள், பூட்டும் தொங்கிற்று.

"ஏளா உலகு, அங்ஙன என்னத்தத் தேடுத? இங்ஙன இருக்கேன்."

நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறிக்குப் பக்கத்தில் இரண்டு பாதமும் பதிய நின்றுகொண்டிருந்தார் மனுஷன். தலை கீழே தொங்கி அவள் முகத்துக்கு நேராக இருந்தது. வேட்டி அவிழ்ந்து தரையில் கிடந்தது, நல்லவேளை உள்ளே அரைக்கால் டவுசர் போட்டிருந்தார். வேறொருத்தியாக இருந்தால் அலறி அக்கம்பக்கத்தைக் கூட்டியிருப்பாள். உலகம்மாளுக்கு அலறத் தெம்பு இல்லை. ஆறேழு வருஷமாக ராத்திரி தூங்காத உடம்பு அது. இதுக்கும் சேர்த்து ஒரு வேலை வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். வேட்டியை எடுத்து உதறி, முக்காலி போட்டு ஏறி, அதை மறுபடி அவர் இடுப்பில் சுற்றி, கணுக்காலோடு சேர்த்துப் பாவாடை நாடாவால் கட்டிவிட்டு இறங்கிய பிறகுதான், அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பது அவளுக்கு உறைத்தது.

அவர் அப்படிக் கூப்பிட்டு ரொம்பக் காலம் ஆகிவிட்டது. முதலில் சாவியை மறந்தார், பிறகு சந்தைக்குப் போன வழியை மறந்தார், பிறகு கட்டிக் கொடுத்து அனுப்பிய மகளின் முகத்தை மறந்தார், கடைசியாக உலகம்மாளையும் மறந்துவிட்டு அவளை அக்கா என்றும் டீச்சரம்மா என்றும் நர்ஸம்மா என்றும் வாய்க்கு வந்த உறவில் கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் அவளைக் கண்டக்டர் என்று நினைத்து, வண்டியை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று வைது தீர்த்தார். அவளும் 'எடுத்துருதேன் சார்' என்று சொல்லிவிட்டு ஈரப் போர்வையை உருவினாள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்த மனுஷன் ஒருநாள் விட்டத்துக்கே குடிபோவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லைதான், ஆனால் அவர் எதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பதையே அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

டாக்டர் ஞானசெல்வி முன்பே படமெல்லாம் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார். "அல்சைமர் இருக்கும்மா. அதோட மூளைக்குப் போற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிப் போச்சு. ரத்தம் போனாத்தான அங்க சாப்பாடு போகும், அங்க சேர்ற கழிவும் வெளியேறும். ரத்தம் குறையறதுனால நோய் முத்துதா, நோயினால ரத்தம் குறையுதான்னு கேட்டா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டுப் போகுதுன்னுதான் சொல்லுவேன்." உலகம்மாளுக்கு இது விளங்கிவிட்டது. குடியிருப்பில் குழாயைத் திறந்தால் முதல் வீட்டில் வாளி நிரம்பி வழியும், கடைசி வீட்டில் காற்றுத்தான் வரும். அவர் மண்டை கடைசி வீடாகிவிட்டது என்று புரிந்துகொண்டு மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது மனுஷன் தலைகீழாக நின்றதும், உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் அந்தக் கடைசி வீட்டுக்கு ஓடியிருக்கிறது. முகம் சிவந்து, கண் தெளிந்து, இந்த அறைக்கு எப்போது சுண்ணாம்பு அடித்தோம் என்பது முதல் கல்யாணத்தில் பந்தியில் எந்தப் பாயசம் கெட்டுப்போனது என்பது வரை பேசிக்கொண்டே மேல்தளத்தில் உலாத்தினார். உலகம்மாள் முகத்துக்கு நேரே இட்லியைப் பிட்டு ஊட்டினாள். இட்லி தொண்டைக்குள் ஏறிவிட்டது, காபிதான் மூக்கு வழியாக வந்தது.

அவளுக்கு அவரிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. புருஷனைப் பற்றிப் புலம்ப ஆள் வேண்டும், அந்தப் புலம்பலைப் புருஷனிடமே கொட்ட வேண்டும், அதுதான் அவள் ஆசை. மகளிடம் சொன்னால் 'பத்திரமாப் பாத்துக்கோம்மா' என்று அவளுக்கே திருப்பிச் சொல்வாள். தெருவில் சொன்னால் 'பொறுமைக்கு உன்னை மாதிரி உண்டா' என்று வாயை அடைத்துவிடுவார்கள். நீங்க என்னை என்ன பாடு படுத்துறீங்க தெரியுமா, என்று அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். கேட்டால் அவருக்குப் புரிய வேண்டும். இத்தனை வருஷமும் அது நடக்காத காரியம், இன்றைக்கு நடக்கும் என்று கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் மேல்வீட்டு மைதீன் பாத்து கதவைத் தட்டினாள்.

"யக்கா, எங்க வீட்டுத் தரைக்கு அடில யாரோ நடக்குற மாதிரி சத்தம் வருது. புள்ள தூங்க மாட்டேங்கு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் மேலே பார்த்தாள். "இவுகதானா," என்றாள். தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பாத்து ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை, அவளும் வாழ்க்கையில் பலதைப் பார்த்தவள்தான்.

"வா பாத்து," என்றார் ஆவுடையப்பன். "ஒந்தம்பி மசூது வந்துட்டானா?"

பாத்துவின் தம்பி வாப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்ப் பலகாலம் ஆகிவிட்டது. எங்கே போனான் என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

"எங்க வாறதுக்கு அண்ணாச்சி? எந்தப் பக்கம் போனான்னே தெரியாதே."

"புளியரை வழியாக் கொல்லம் போற வண்டில ஏறுனான். கடைசி சீட்டு. வண்டி நகருற வரைக்கும் ஸ்டாண்டு வாசலயே பாத்துக்கிட்டு இருந்தான், யாராவது கூப்பிட வருவாகன்னு."

பாத்து தரையில் உட்கார்ந்து அழுதாள். உலகம்மாள் தன் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தென்காசியில் யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை, வசதி என்றுதான் சொன்னார்கள். ஊரில் யார் வீட்டில்தான் ஒருத்தர் பஸ் ஏறிக் காணாமல் போகவில்லை? கோபித்துக்கொண்டு போன மகன், மனசுக்குப் பிடித்தவனோடு போன மகள், சீட்டுப் போட்டு ஏமாற்றிவிட்டுப் போன மச்சான், சபரிமலைக்கு என்று கிளம்பித் திரும்பாத தகப்பன், எல்லாரும் அந்த பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போயிருந்தார்கள். போனவர்களை எல்லாம் கூண்டுக்குள் மைக்கின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன். நேராக நின்றபோது யார் கேட்டாலும் விழிப்பவர், தலைகீழாக நின்றதும் எவர் எந்த வண்டியில் எந்தச் சீட்டில் எந்தச் சட்டையோடு போனார் என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொன்னார். பாவூர்சத்திரத்திலிருந்து வந்தார்கள், கடையநல்லூரிலிருந்து வந்தார்கள், ஆய்க்குடியிலிருந்து ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்தது.

பஸ் போன திசை தெரிந்துவிட்டால் ஆள் இருக்கிற இடமும் தெரிந்துவிட்ட மாதிரிதான் என்று எப்படியோ எல்லாருக்கும் தோன்றிவிட்டது. கேட்டுக்கொண்டவர்கள் நேரே போய் அதே தடத்து வண்டியில் அதே சீட்டைப் பிடித்து உட்கார்ந்தார்கள். ராஜபாளையம் போனார்கள், கொல்லம் போனார்கள், மதுரையில் இறங்கி ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்து முறுக்கு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒருத்தருக்கும் ஆள் கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவர்கள் முகத்தில் ஒரு பாரம் இறங்கியிருந்தது, அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்கள். பாத்துவின் வாப்பா தள்ளாத வயசில் கொல்லம் வண்டியின் கடைசி சீட்டில் போய்வந்தார், அதற்குப் பிறகு மகன் வருவான் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்வதை நிறுத்தினார்.

இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவர் குடியிருப்புச் சங்கத் தலைவர் சண்முகவேல். தெருமுக்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எந்தக் காரியத்தையும் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு பிறகு அடுத்தவர் தலையில் இறக்கிவைக்கிறவர். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கல்யாண மண்டபத்திலிருந்து கொண்டுவந்து போட்டார். செருப்பை எங்கே விடுவது, யார் பின்னால் யார் என்பதை எல்லாம் அவர்தான் சொன்னார். சாமி படங்களுக்கு மேலே ஒரு மனுஷன் கால் இருக்கலாமா என்று பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியபோது, படங்களைக் கழற்றி அடுக்களையில் மாட்டச் சொல்லி வழக்கைத் தீர்த்ததும் அவர்தான். ஆவுடையப்பன் காலையில் பூசிக்கொள்ளும் திருநீறு நெற்றியில் ஒட்டாமல் உதிர்ந்து தரையில் விழுந்தது, அதை ஒரு கிழவர் மடியில் ஏந்தி வாங்கிக்கொண்டு போனார், மறுநாள் பத்துப்பேர் மடியை விரித்துக்கொண்டு நின்றார்கள். உலகம்மாள் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து ஒளித்துவைத்தாள். கழுவி, துடைத்து, ஊட்டி, நாடா கட்டி மாளவில்லை, இதில் சாமியாரையும் சேர்த்து யார் பார்ப்பது?

டாக்டர் ஞானசெல்வி வந்து பார்த்தார். கீழே குனிந்து, தலைகீழாகத் தொங்கிய கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார், முழங்கால் போட்டு ரத்த அழுத்தம் பார்த்தார்.

"தலைகீழா நின்னா மூளைக்கு ரத்தம் கூடும்னு எங்க புத்தகத்துல கிடையாதும்மா. மூளை தனக்கு வேண்டியதத் தானே அளந்துதான் எடுத்துக்கும். ஆனா மேத்தளத்துல நடக்குற மனுஷனும் எங்க புத்தகத்துல கிடையாது. நான் எதன்னு சொல்ல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பழைய குழாய்ம்மா அதெல்லாம். இவ்வளவு ரத்தம் தள்ளுனா எங்கயாவது வெடிக்கும். இறக்கிக் கட்டிலோட கட்டிப் போடுங்க. ஆசைக்கு ஒருநாளைக்கு ஒருதடவை விடுங்க. ஒரு உலை வச்சுச் சோறு வடிக்கிற நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது."

இறக்குவது சுலபமாக இருந்தது. கையைப் பிடித்து இழுத்தால் காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி வந்தார். கட்டிலில் நேராகப் படுக்கவைத்து, கிழிந்த புடவையால் இடுப்பைச் சுற்றிக் கட்டியதும், முகத்தில் இருந்த சிவப்பு வடிந்தது, பேச்சு வடிந்தது, அவளை ஏறிட்டுப் பார்த்து, "யாரு, டீச்சரம்மாவா?" என்றார். அவர் தன்னை மறக்கிறதை உலகம்மாள் அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது அது அவள் கையாலேயே, அவள் கட்டுகிற முடிச்சோடு, தினமும் நடந்தது.

சாயங்காலம் காபி முடிந்ததும் கட்டை அவிழ்ப்பாள். கால் முதலில் எழும்பும், பிறகு இடுப்பு, பிறகு தலை, மெதுவாக ஏறிப்போய்ப் பாதம் மேல்தளத்தில் படிந்ததும் கண்ணில் வெளிச்சம் வரும். அடுப்பில் உலை வைத்துவிட்டு அவள் வருவதற்குள் நாற்காலிகள் நிரம்பியிருக்கும். சங்கரன்கோவில் வண்டியில் போனவளைப் பற்றி ஒருத்தர், அம்பாசமுத்திரம் வண்டியில் போனவனைப் பற்றி ஒருத்தர். சோறு கொதித்து அடங்குகிற நேரத்தை ஆவுடையப்பன் மேலேயிருந்தே அறிந்துகொள்வார். வாழ்நாளில் ஒரு வண்டியைக்கூட நேரம் தப்பி எடுக்கவிடாதவர் அவர், சுவரில் கடிகாரம் இருந்தாலும் அதைத் திருத்துவதற்குத்தான் பார்ப்பார். பேசிக்கொண்டிருப்பவரைப் பாதியில் நிறுத்தி, "நேரம் ஆயிட்டு, எறக்கு," என்பார். அவள் இறக்குவாள். கட்டுவாள். ஆட்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போவார்கள். அவள் சோற்றை வடிப்பாள்.

அவள் முறை மட்டும் வரவே இல்லை. ஒருநாள் சண்முகவேலிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு ஒருநாள் எனக்கு விடுங்க. நான் அவுககிட்டப் பேசணும்."

சண்முகவேலுக்கு உண்மையாகவே புரியவில்லை. "நீங்க என்ன மதினி இப்படிச் சொல்லுதீய? வீட்டுக்குள்ளயேதான இருக்கீய. ஒங்களுக்கு எப்பவும் உண்டே. வெளியூர்க்காரவுக பாவம் பஸ் ஏறி வாறாக."

"எனக்கு இருக்கிறது கட்டில்ல கெடக்கிற ஆளு அண்ணாச்சி."

"ஊருக்கு உபகாரம் மதினி. புண்ணியம் ஒங்களுக்குத்தான் வரும்," என்றார் அவர். மறுநாளைக்குக் குற்றாலத்திலிருந்து இரண்டு பேர் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புண்ணியத்தை வைத்து அவள் என்ன செய்வாள்? ராத்திரி அவர் கட்டுக்குள் நெளிந்துகொண்டு, வண்டிக்கு நேரமாச்சு என்று முனகுவார். எழுந்து புரட்டிப் படுக்கவைப்பாள். விடிவதற்குள் போர்வை நனைந்திருக்கும், சாரலில் அது காயாது, காயாத போர்வையை அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைப்பாள். இடுப்பு வலித்தது. ஒருதடவை அவருக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்டியோடு கண் அசந்து, அவர் கன்னத்தில் சுடுகஞ்சி சிந்திவிட்டது. வலியில் குழந்தையாட்டம் அழுதார் மனுஷன், எதனால் வலிக்கிறது என்று தெரியாமல், சுட்டவளிடமே முகத்தைக் காட்டி 'பாருங்க நர்ஸம்மா' என்று சொல்லி அழுதார். அன்றைக்கு உலகம்மாளுக்கு அவர் மேலேயும் வெறுப்பு வந்தது, தன் மேலேயும் வந்தது, ஊர் மேலே எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

அதற்கு மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக் கடை முடிந்து தெரு அடங்கியதும், அவள் வாசல் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். ஒருநாளைக்கு ஒருதடவைதான். அந்த ஒருதடவையை அவள் இப்போது எடுத்துக்கொண்டால் சாயங்காலம் வருகிறவர்களுக்குக் கிடையாது. தெரிந்தேதான் செய்தாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தாய் வரப்போகிறாள் என்று சண்முகவேல் சொல்லியிருந்தது ஞாபகம் வந்து உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று கட்டை அவிழ்த்தாள்.

ஆவுடையப்பன் ஏறினார். பாதம் பதிந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன, ஒருத்தரையும் காணும்? இன்னும் நேரமாகலயே."

"இன்னைக்கு என் முறை," என்றாள் உலகம்மாள்.

"சரி," என்றார் அவர். "ஒக்காரு. சொல்லு."

அவள் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் பாத்திரம் துலக்கும்போதும் துணி அலசும்போதும் மனசுக்குள் எத்தனையோ தடவை அடுக்கிவைத்திருந்தாள். பட்டப்பகலில் பூட்டை உடைத்துக்கொண்டு ஓடியவரைத் தேடி யானைப்பாலம் வரை செருப்பில்லாமல் போனதை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் அவளைத் திருடி என்று சொல்லிக் கையை ஓங்கியதை, பெற்ற அம்மா செத்ததற்குக்கூட இவரைவிட்டுப் போக முடியாமல் போனில் அழுததை, ஒருநாள் சாயங்காலம் மாத்திரை டப்பாவைக் கையில் கொட்டிவைத்துக்கொண்டு இருவருக்கும் போதுமா என்று யோசித்ததை. கேளுங்க, இதெல்லாம் நீங்க செஞ்சது, என்று தொடங்க வேண்டும். அவர் முகம் அவளுக்கு மேலே, சிவந்து, முழுக் கவனத்தோடு, ஒருகாலத்தில் சம்பள நாளன்று வாசலில் நின்று சிரித்த அதே முகமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அடுக்கிவைத்தது எல்லாம் கலைந்துபோயிற்று.

"எனக்கு அசதியா இருக்குங்க," என்றாள்.

அவ்வளவுதான் வந்தது.

அவர் அவளைப் பார்த்தார். நரைத்த தலையைப் பார்த்தார், வெடித்த விரல்களைப் பார்த்தார், கட்டில் சட்டத்தில் முடிச்சுப் போட்டுப் போட்டுத் தேய்ந்திருந்த புடவைக் கிழிசலைப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் போகாது, ஊரில் யார் எந்தச் சட்டையோடு போனார்கள் என்பதை எல்லாம் வைத்திருந்த மண்டை அது.

"தெரியுது," என்றார். "நீ படு."

"நேரமாயிருமே."

"நேரத்த நான் பாத்துக்கிடுதேன். எத்தன நாளு நீ எனக்கு முழிச்சிருந்த. இன்னைக்கு நான் முழிச்சிருக்கேன். படு உலகு."

கொஞ்சநேரம் சாய்ந்தால் தேவலை என்று இருந்தது. சாய்ந்துகொண்டே சொல்லலாம், அவர் எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தாள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். அவர் முகம் அவள் முகத்துக்கு மேலே நின்றது. யாரோ ஒருத்தர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, தான் யாரையும் பார்க்க வேண்டாம் என்பது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வெளியே சாரல் தூறியது. முதலில் அம்மா செத்ததைச் சொல்லவா, கல்யாணவீட்டுக் கதையைச் சொல்லவா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள்.

கனவு இல்லாத தூக்கம். கிணற்றில் கல் விழுந்த மாதிரி தூங்கினாள். முழித்தபோது அறை மங்கியிருந்தது, பொழுது சாய்ந்திருந்தது. உடம்பில் ஒரு இடத்திலும் வலி இல்லை. ஐந்தாறு வயசு குறைந்துவிட்ட மாதிரி கை கால் லேசாக இருந்தது, சும்மா ஒருதடவை சோம்பல் முறித்தாள். அதற்குப் பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பாத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் சண்முகவேல் நின்றார், அவருக்குப் பின்னால் வெளியூர்க்காரர்கள் நின்றார்கள், எல்லாரும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றார்கள்.

"யக்கா, முழிச்சிட்டியளா," என்றாள் பாத்து மெதுவாக. "கீழ நடக்குற சத்தத்தையே காணுமேன்னு எறங்கி வந்தேன். அண்ணாச்சி ஒரே எடத்துல கால அசைக்காம நிக்காவ. நடந்தா ஒங்களுக்கு முழிப்பு வந்துருமாம். நேரமாயிட்டு, நான் எழுப்புதேன்னு சொன்னேன். நேரம் எனக்குத் தெரியாதா பாத்து, சும்மா இருங்குதாவ. இவுக எல்லாரும் வந்து கதவத் தட்டப் போனாக. அதுக்கும் அண்ணாச்சிதான் சொன்னாவ, இன்னைக்கு ஒரு வண்டியும் கிடையாது, எல்லா சர்வீசும் கேன்சல், சத்தம் போடாதிய, என் வீட்டுக்காரி தூங்குதா, அப்படின்னு."

உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளுக்கு நேர்மேலே, பாதம் பெயராமல் நின்றுகொண்டிருந்தார். முகம் கருஞ்சிவப்பாகி வீங்கியிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது, திறந்திருந்த கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் மூக்கோரமாக வழிந்து நெற்றிக்கு வந்திருந்தது.

"எழுப்பியிருக்கலாம்ல," என்றாள். "ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்ல. நான் ஒண்ணுமே சொல்லலயே ஒங்ககிட்ட."

அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் கட்டிலில் ஏறி நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு அவர் சுரைக்குடுக்கையாக வரவில்லை. ஒரு முழு ஆணின் கனத்தோடு, எலும்பும் சதையுமாக, அவள் மேலே சரிந்து விழுந்தார். இருவரும் கட்டிலில் விழுந்தார்கள். சண்முகவேல் கதவின் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், ஆனால் உலகம்மாள் தன் புருஷனைத் தொடவிடவில்லை.

மண்டைக்குள் எங்கோ ஒரு குழாய் கசிந்திருக்கிறது, உயிருக்கு மோசமில்லை, ஆனால் இனிமேல் ஒன்றும் திரும்பாது என்று டாக்டர் ஞானசெல்வி சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. சாயங்காலம் ஒருநாள் உலகம்மாள் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள், அவர் எழும்பவில்லை. மறுநாளும் பார்த்தாள். பிறகு அந்தப் புடவைக் கிழிசலை அடுப்படித் துணியாக ஆக்கிவிட்டாள். வெளியூர்க்காரர்கள் கொஞ்சநாள் வந்தார்கள், மேல்தளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வந்தது வந்தாகிவிட்டது என்று குற்றால அருவியில் குளித்துவிட்டுப் போனார்கள். சண்முகவேல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, "மன்னிச்சுக்கிடுங்க மதினி," என்றார். அவள் அவருக்குக் காபி கொடுத்தாள். பாத்து தினமும் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இறங்கி வந்து, கொஞ்சநேரம் நீங்க படுங்க யக்கா என்று சொல்லி, கட்டிலோரம் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் உலகம்மாள் தூங்கினாள். தூங்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டது பேச்சு, அவர் கொடுத்தது தூக்கம். அதுவும் தன்னை விற்றுக் கொடுத்திருக்கிறார், கேட்காமல் கொடுத்திருக்கிறார், இனி அதற்காக அவரோடு சண்டை போடவும் ஆள் இல்லை.

சாரல் ஓயப்போகிற சமயம், ஒரு காலையில், வாளியும் துணியுமாக வந்து, ஈரத்தை மாற்றி, முகம் துடைத்துவிட்டு, தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டினாள். ரெண்டு வாய் வாங்கினார். மூன்றாவது வாய்க்கு உதட்டைத் திறக்காமல் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். நாக்குக் குழற, புதிதாகப் பார்க்கிற ஒரு அந்நியப் பெண்ணிடம் மரியாதையாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நல்லாத் தூங்குனியளா, அம்மா?"

உலகம்மாள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"தூங்குனேன்," என்றாள். "நல்லாத் தூங்குனேன்."

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.